தாய்லாந்து உண்மையிலேயே யாருக்கும் அடிமைப்பட்டதில்லையா?

கேள்வி இதுதான்: "தென்கிழக்கு ஆசியாவில் தாய்லாந்து மட்டும் எந்த அந்நியருக்கும் அடிமைப்படவில்லை என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்ததெல்லாம் கணக்கில் வராதா?"

ஐரோப்பியக் காலனியாக ஒருநாளும் ஆகவில்லை, அது உண்மை. அந்நியப் படை நாட்டுக்குள் காலே வைக்கவில்லை என்றால் அது பொய். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சுவாரசியமான கதை இருக்கிறது. பர்மா, மலேசியா, இந்தோனேசியா, வியட்நாம் எல்லாவற்றுக்கும் ஒரு சுதந்திர தினம் உண்டு. தாய்லாந்துக்குக் கிடையாது. டிசம்பர் 5 அவர்களுடைய தேசிய தினம். அது மறைந்த மன்னர் பூமிபோலின் பிறந்தநாள். ஆனால் அந்த நாடு தன் சொந்த நீதிமன்றத்தையும் சுங்கவரியையும் வெளிநாட்டவரிடமிருந்து மீட்டு எடுக்க 80 ஆண்டுக்கு மேல் போராடியது. என்னைக் கேட்டால் அவர்களுடைய சுதந்திரப் போராட்டம் அதுதான். பீரங்கிச் சத்தம் இல்லாததால் பள்ளிப் புத்தகங்களில் அதற்குப் பெரிய இடம் இல்லை.

பள்ளிப் புத்தகத்தில் வருவது பர்மியப் போர்கள். 1569இல் பர்மிய மன்னன் பயின்னவுங் அன்றைய தாய்த் தலைநகரான அயுத்தயாவைப் பிடித்து, தனக்கு அடங்கிய ஓர் அரசனை அங்கே உட்கார வைத்தான். அந்த அரசனின் மகன் நரேசுவன் சிறுவயதில் பர்மியத் தலைநகர் பெகுவில் பிணையாக வளர்ந்தவன். 1584இல் பொற்கலசத்து நீரைத் தரையில் ஊற்றிப் பர்மாவோடு உறவு முறிந்தது என்று அறிவித்தான் என்பது தாய் வரலாற்றேடுகளின் கூற்று. 1593இல் பர்மிய இளவரசனை யானை மேலிருந்து போரிட்டுக் கொன்றதாகச் சொல்லி இன்றும் ஜனவரி 18ஐப் படை தினமாகக் கொண்டாடுகிறார்கள். பர்மிய ஏடுகள் அந்த இளவரசன் குண்டடி பட்டுச் செத்ததாகச் சொல்கின்றன. எது சரி என்பதை அவரவர் நாட்டுப் பற்றுக்கு விட்டுவிடலாம்.

இரண்டாவது வீழ்ச்சி கொடூரமானது. 1767 ஏப்ரலில் அயுத்தயா எரிந்தது. ஆனால் பர்மியர்களால் அங்கே நிலைத்து இருக்க முடியவில்லை. அதே சமயம் வடக்கே சீனப் படை பர்மாவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சிறு காவற்படையை விட்டுவிட்டுப் பெரும்படை திரும்பிப் போயிற்று. சீனத் தந்தைக்குப் பிறந்த தக்சின் என்ற படைத்தலைவன் கிழக்கே சந்தபுரியில் ஆள் சேர்த்து, அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காவற்படையை ஒழித்துக்கட்டினான். ஏழு மாதம்தான். தக்சினின் வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சீனா இல்லாமல் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

இவையெல்லாம் ஒரு மன்னன் இன்னொரு மன்னனைப் பணிய வைக்கும் பழைய கால விவகாரம். 19ஆம் நூற்றாண்டில் வந்த நெருக்கடி வேறு மாதிரி.

1855இல் ஹாங்காங் ஆளுநர் ஜான் பௌரிங் பாங்காக் வந்தார். மன்னர் மோங்குட் ஆங்கிலம் தெரிந்தவர், சீனா அபினிப் போரில் பட்ட பாட்டை நன்றாகவே அறிந்தவர். சண்டை இல்லாமல் கையெழுத்தானது பௌரிங் ஒப்பந்தம். அதன்படி பிரிட்டிஷ் பொருளுக்கு 3 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி வரி கிடையாது. அரசனின் வணிக ஏகபோகங்கள் ஒழிந்தன. பிரிட்டிஷ் குடிமகன் என்ன தப்பு செய்தாலும் சயாம் (தாய்லாந்தின் அன்றைய பெயர்) நீதிமன்றம் அவனைத் தொடக்கூடாது. பிரிட்டிஷ் தூதர்தான் விசாரிப்பார். அடுத்த ஆண்டே அமெரிக்காவும் பிரான்ஸும் அதே மாதிரி எழுதி வாங்கிக்கொண்டன. பிறகு ஐரோப்பாவின் மற்ற நாடுகள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்தன.

வரி போட முடியாத அரசாங்கம் வருமானத்துக்கு என்ன செய்யும்? அபின், சாராயம், சூதாட்டம், லாட்டரி ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டது. பல பத்தாண்டுகளுக்கு அரசு வருவாயில் பெரும்பங்கு இவற்றிலிருந்துதான் வந்தது. நீதிமன்ற விஷயமோ இன்னும் மோசம். பிரிட்டிஷ் குடிமகன் என்றால் வெள்ளைக்காரன் மட்டும் இல்லை. பர்மியர், ஷான், மலேயா ஆட்கள், இந்தியர்கள் எல்லோரும் அதில் அடக்கம். பாங்காக்கின் சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் கட்டிய தமிழர்கள் குடியேறியதும் அந்தக் காலத்தில்தான். தங்கள் ஊரில் பிரிட்டிஷாருக்கு அடிமையாக இருந்தவர்கள், பாங்காக் வந்ததும் உள்ளூர்ச் சட்டம் தீண்டாத ஆட்களாகிவிட்டார்கள். பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், லாவோ, கம்போடிய, சீன வம்சாவளியினரைத் தன் பாதுகாப்பில் உள்ளவர்கள் என்று பாங்காக்கிலேயே பதிவு செய்து சேர்த்துக்கொண்டே போயிற்று.

பிரிட்டன் ஏன் சயாமை விழுங்கவில்லை என்பதற்கும் இங்கேதான் விடை. அரிசியும் தேக்கும் வந்துகொண்டிருந்தன, துணிக்குச் சந்தை கிடைத்தது, நிர்வாகச் செலவு ஒரு காசு இல்லை. ஆளும் தலைவலி எதற்கு?

பிரான்ஸுக்கு அந்த நிதானம் இல்லை. மேகோங் ஆற்றின் கிழக்குக் கரை வியட்நாமுக்குச் சேர்ந்தது, வியட்நாம் எங்களுடையது, ஆகவே கரையும் எங்களுடையது என்றது. 1893இல் மோதல் முற்றி, லாவோஸ் பகுதியில் ஒரு பிரெஞ்சு அதிகாரி கொல்லப்பட்டார். ஜூலை 13 மாலை இரண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள், வழிகாட்டியாக ஒரு சிறு நீராவிக் கப்பல், சாவ் பிரயா ஆற்றின் முகத்துவாரமான பாக்நாமில் நுழைந்தன. அங்கே சயாம் புதிதாகக் கட்டிய கோட்டையில் இங்கிலாந்தின் ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனப் பீரங்கிகள் இருந்தன. குழிக்குள் ஒளிந்திருந்து சுடும்போது மட்டும் மேலே எழும்பும் நவீன ரகம். பொறுப்பில் இருந்தவர்கள் டென்மார்க் நாட்டு அதிகாரிகள். பீரங்கி புதுசு, சுடுபவர்களுக்குப் பயிற்சி போதாது. வழிகாட்டிக் கப்பல் அடிபட்டுத் தரைதட்டியது. போர்க்கப்பல்கள் இரண்டும் அரை மணி நேரத்துக்குள் தப்பி மேலேறி, அன்றிரவே பாங்காக்கில் பிரெஞ்சுத் தூதரகத்துக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சின. அரண்மனை அங்கிருந்து கூப்பிடு தூரம்.

மன்னர் சுலலாங்கொர்ன் லண்டனைப் பார்த்தார். லண்டன் பணிந்து போகச் சொன்னது. அக்டோபர் 3ஆம் தேதி ஒப்பந்தத்தில் மேகோங்கின் கிழக்குக் கரை முழுவதும் போயிற்று, அதாவது இன்றைய லாவோஸின் பெரும்பகுதி. அதற்கு மேல் 30 லட்சம் பிராங்க் நஷ்டஈடு. முன்பு ஆண்ட மன்னர் மூன்றாம் ராமா ஆபத்துக் காலத்துக்கென்று சிவப்புத் துணிப்பைகளில் சேர்த்து வைத்திருந்த மெக்சிகோ வெள்ளி நாணயங்கள் அப்போது கைகொடுத்ததாகத் தாய்லாந்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒப்பந்தம் நிறைவேறும்வரை பிணையாகச் சந்தபுரி நகரத்தில் பிரெஞ்சுப் படை தங்கியது. ஓராண்டு ஈராண்டு இல்லை, 1904 முடியும்வரை. இதை மறந்துவிட்டுத்தான் 'அந்நியப் படை வந்ததேயில்லை' என்று பேசுகிறார்கள். சந்தபுரிக்குப் பக்கத்தில் லேம் சிங் கடற்கரையில் ஒரு செங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. உள்ளே ஒரு சிறு அறை அளவுதான் இடம், சுவரில் காற்றுக்கான ஒடுங்கிய சந்துகள். 'கோழிப்பீச் சிறை' என்பது அதன் பெயர். மேலே கோழிகளை அடைத்து, கீழே கைதிகளை அடைத்தார்கள் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். சந்தபுரியை விட்டபோதுகூடப் பிரான்ஸ் சும்மா விடவில்லை. பக்கத்து மாகாணமான திராத்தைப் பிடித்துக்கொண்டது. அதை மீட்க 1907இல் பட்டம்பாங், சியம் ரீப், சிசோபோன் ஆகிய கம்போடியப் பகுதிகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கோர்வாட் கைமாறியது அப்படித்தான். மார்ச் 23ஐ இன்றும் திராத் மக்கள் தங்கள் விடுதலை நாளாக நினைவுகூர்கிறார்கள். நாட்டுக்குச் சுதந்திர தினம் இல்லை. அந்த மாகாணத்துக்கு உண்டு.

பிரெஞ்சு அதிகாரி கொலை வழக்கைப் பாருங்கள். பிரா யோத் என்ற சயாம் அதிகாரியை சயாம் நீதிமன்றம் 1894இல் விசாரித்து விடுதலை செய்தது. பிரான்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. பிரெஞ்சு நீதிபதிகள் அதிகமாக இருந்த கலப்பு நீதிமன்றம் ஒன்று அதே ஆளை மறுபடி விசாரித்து 20 ஆண்டு தண்டனை கொடுத்தது. ஒரே குற்றத்துக்கு இரண்டு விசாரணை, அதுவும் சொந்த ஊரிலேயே. சுதந்திர நாடு என்று சொல்லிக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலைமை.

'பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் இடைப்பட்ட நாடாக விட்டுவைத்தார்கள்' என்று பொதுவாகச் சொல்வார்கள். 1896இல் இரு நாடுகளும் அப்படி ஒரு கூட்டறிக்கை செய்தது நிஜம்தான். ஆனால் அது உத்தரவாதம் தந்தது சாவ் பிரயா ஆற்றுப்படுகைக்கு மட்டும். மலாய்த் தீபகற்பமும் வடகிழக்கும் அதற்கு வெளியே. அடுத்த ஆண்டே பிரிட்டன் ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டது: தன் சம்மதமில்லாமல் தீபகற்பத்தில் வேறு எந்த நாட்டுக்கும் சலுகை கொடுக்கக் கூடாது. 1909இல் கெடா, கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் நான்கின் மீதும் இருந்த உரிமையை சயாம் விட்டுக்கொடுத்தது. பதிலுக்குத் தெற்கு ரயில் பாதைக்கு 40 லட்சம் பவுன் கடனும், பிரிட்டிஷ் குடிமக்கள் மீது ஓரளவு நீதி அதிகாரமும் கிடைத்தன. கெடா என்றால் நம் கடாரம். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வருகிற அதே ஊர்.

சும்மா நிலத்தைக் கொடுத்துத் தப்பித்தார்கள் என்று மட்டும் சொன்னாலும் நியாயமாகாது. 1885இல் பிரிட்டிஷார் மண்டலே அரண்மனைக்குள் நுழைந்து மன்னன் தீபாவை ரத்னகிரிக்கு நாடு கடத்தியதைச் சுலலாங்கொர்ன் பக்கத்திலிருந்து பார்த்தவர். இளம் வயதிலேயே சிங்கப்பூர், ஜாவா, இந்தியா மூன்றையும் சுற்றிக் காலனி நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று கவனித்திருந்தார். 1892இல் அமைச்சகங்களை மாற்றி அமைத்தார். தம்பி இளவரசர் தாம்ரோங் உள்துறை அமைச்சராகி, பரம்பரைச் சிற்றரசர்களை ஓரங்கட்டிச் சம்பள அதிகாரிகளை அனுப்பினார். ஆலோசகர்களை வைத்ததில்தான் அசல் சாமர்த்தியம்: பொது ஆலோசகர் பெல்ஜியத்துக்காரர், கடற்படைக்கு டேனிஷ்காரர்கள், ரயிலுக்கு ஜெர்மானியர், நிதிக்கு ஆங்கிலேயர். எந்த ஒரு நாடும் 'இங்கே எல்லாம் எங்கள் ஆட்கள்தான்' என்று சொல்ல வழியில்லாமல் பார்த்துக்கொண்டார்.

ஆனால் இந்தச் சீர்திருத்தத்தைப் பாங்காக்கிலிருந்து பார்த்தால் ஒரு மாதிரி, தெற்கே மலாய் மக்களின் பட்டாணிப் பகுதியிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி. 1786இல் சயாம் படை பட்டாணி சுல்தானகத்தைத் தோற்கடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் அரசர் பதவியே ஒழிக்கப்பட்டது. 1820களின் கடைசியில் வியன்டியான் நகரத்தை சயாம் தரைமட்டமாக்கி, மக்களை ஆற்றின் இந்தப் பக்கம் ஓட்டி வந்தது. சியங்மாய் அரசு மெல்ல மெல்லக் கரைக்கப்பட்டது. 1902இல் பிரே நகரத்தில் ஷான்கள் கிளர்ந்தார்கள். அதே காலத்தில் வடகிழக்கில் 'புண்ணியவான்' என்று தங்களைச் சொல்லிக்கொண்ட தலைவர்களின் பின்னால் விவசாயிகள் திரண்டார்கள். இரண்டையும் பாங்காக் துப்பாக்கியால் அடக்கியது. பிரான்ஸிடம் 'இழந்த' நிலம் என்று தாய் வரைபடங்கள் காட்டுகிற இடங்களில் பல, முன்பு தாங்களே வலுவால் பிடித்தவை. இதைச் சொன்னால் தாய் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஒப்பந்தங்களை மீட்ட கதைக்கு வருவோம். முதல் உலகப் போர் ஒரு வாய்ப்பாக வந்தது. 1917 ஜூலையில் சயாம் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எதிராகப் போர் அறிவித்தது, சுமார் 1,300 பேரை பிரான்ஸுக்கு அனுப்பியது. யானைக் கொடி போய் இன்றைய மூவண்ணக் கொடி வந்ததும் அந்த ஆண்டுதான். நாட்டைக் காக்கவா படை அனுப்பினார்கள்? ஜெர்மனியால் அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. வெற்றி பெற்றவர்களின் மேசையில் ஒரு நாற்காலி வேண்டும், அவ்வளவே. நாற்காலி கிடைத்தது. 1920இல் அமெரிக்கா தன் சிறப்புரிமைகளைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தது. பிறகு, அதிபர் வில்சனின் மருமகனும் சட்டப் பேராசிரியருமான பிரான்சிஸ் சேயர், சயாமின் சார்பில் ஐரோப்பியத் தலைநகரங்களைச் சுற்றி 1920களின் நடுவில் ஒவ்வொரு நாட்டோடும் புது ஒப்பந்தம் போட்டார். கடைசி மிச்சசொச்சங்களை வெளியுறவு அமைச்சர் பிரிடி பனோம்யோங் 1937-38இல் துடைத்தார். பௌரிங் கையெழுத்திட்டு 80 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

முழு இறையாண்மை கைக்கு வந்து நான்கு ஆண்டு தாங்கவில்லை. 1941 டிசம்பர் 8 அதிகாலை ஜப்பானியப் படை சோங்க்லா, பட்டாணி, சும்போன், பிரச்சுவாப் கிரி கான் என்று கடற்கரை நெடுக இறங்கியது. பிரதமர் பிபுன் சொங்க்ராம் தலைநகரில் இல்லை, கிழக்கு எல்லைப் பக்கம் போயிருந்தார். அமைச்சரவை இரவு முழுக்கக் காத்திருந்தது. காலையில் அவர் வந்ததும் சண்டையை நிறுத்தச் சொன்னார். ஆனால் பிரச்சுவாப் விமானத்தளத்தில் இருந்த வீரர்களுக்குத் தந்தி வந்தபோது அவர்கள் அதை நம்பவில்லை. ஜப்பானியர் தந்திரம் என்று நினைத்து மறுநாள் நண்பகல்வரை சண்டை போட்டார்கள். அரசு அதிகாரிகள் வெள்ளைக் கொடியோடு நேரில் வந்து சொன்ன பிறகுதான் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள்.

டிசம்பர் 21ஆம் தேதி பாங்காக் அரண்மனைக் கோயிலில் உள்ள மரகத புத்தர் சன்னதியில் ஜப்பானோடு நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் புத்தரே வியன்டியானிலிருந்து சயாம் படை எடுத்து வந்தவர். 1942 ஜனவரி 25இல் பிரிட்டன், அமெரிக்கா மீது போர் அறிவிப்பு. வாஷிங்டனில் இருந்த தூதர் சேனி பிராமோஜ் அதை ஒப்படைக்க மறுத்தார். அமெரிக்காவும் பதிலுக்குப் போர் அறிவிக்கவில்லை. பாங்காக்கில் அரசப் பிரதிநிதிகளில் ஒருவராக இருந்த பிரிடி, ரகசியமாக சேரி தாய் என்ற விடுதலை இயக்கத்தை நடத்தினார்.

இதை ஆக்கிரமிப்பு என்று சொல்லலாமா? தாய் அரசு இருந்தது, நாடாளுமன்றம் இருந்தது, காவல்துறை இருந்தது. 1944இல் பிபுனை நாடாளுமன்ற வாக்கெடுப்பில் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பவும் முடிந்தது. ஜப்பானியர் பிடித்த பர்மாவிலோ ஜாவாவிலோ இது நினைத்துப் பார்க்க முடியாதது. போதாததற்கு 1943இல் கெடா, கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் நான்கையும் ஜப்பான் தாய்லாந்துக்கே திருப்பிக் கொடுத்தது. கெடா தோட்டங்களில் இருந்த தமிழர்கள் போர் முடியும்வரை பாங்காக்கின் ஆட்சியில் இருந்தார்கள். மறுபக்கம், ஒன்றரை யென்னுக்கு மேல் மதிப்பிருந்த தாய் நாணயமான பாட்டை ஒரு யென்னுக்குச் சமம் என்று ஆக்கினார்கள். படைச் செலவுக்கெல்லாம் தாய் அரசே நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. 1942 டிசம்பரில் பான் போங் ஊரில் போர்க் கைதிகளுக்கு உதவிய ஒரு பிக்குவை ஜப்பானியச் சிப்பாய் கன்னத்தில் அறைந்தான். கூலிகள் கொதித்தெழுந்தார்கள், தாய் காவலர்களுக்கும் ஜப்பானியருக்கும் துப்பாக்கிச் சண்டையே நடந்து ஜப்பானியர் சிலர் செத்தார்கள். நட்பு நாடு என்ற பெயருக்குள்ளே இருந்தது இதுதான்.

நம்மவர்களுக்கு இந்த ஆக்கிரமிப்பு இன்னொரு பெயரில் தெரியும்: சயாம் மரண ரயில். நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர், ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் போட்டு முடித்தார்கள். போர்க் கைதிகள் 60,000க்கு மேல். அவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2 லட்சம். அவர்களில் 90,000 பேர்வரை மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் இதில் பெரும் எண்ணிக்கை. 1943 மழைக்காலக் காலராவில் முகாம் முகாமாகச் செத்தார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகளுக்குக் கல்லறைகள், பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயரோடு. தமிழர்களுக்கு அப்படி ஒரு பெயர்ப்பட்டியல் கிடையாது. போருக்குப் பிறகு அந்தப் பாதையின் தாய்லாந்துப் பகுதியை பிரிட்டன் தாய் அரசுக்கே விலைக்கு விற்றது. இன்றும் நாம்தோக் என்ற ஊர் வரை அதில் ரயில் ஓடுகிறது.

1945 ஆகஸ்ட் 16இல் பிரிடி ஓர் அறிக்கை விட்டார்: போர் அறிவிப்பு மக்கள் விருப்பத்துக்கு மாறானது, ஆகவே செல்லாது. அமெரிக்கா தலையாட்டியது. பிரிட்டன் ஒத்துக்கொள்ளவில்லை, ஜப்பானியரை நிராயுதபாணியாக்க ஏழாவது இந்தியக் காலாட்படைப் பிரிவு பாங்காக்கில் வந்து இறங்கியது. 1946 ஜனவரி 1 ஒப்பந்தத்தில் 15 லட்சம் டன் அரிசியை இலவசமாகக் கேட்டார்கள் (பிறகு விலைக்கு வாங்கச் சம்மதித்தார்கள்). கூடவே, பிரிட்டன் சம்மதமில்லாமல் தெற்கே நாடு ஒடுங்கும் கிரா நிலச்சந்தியில் கால்வாய் வெட்டக் கூடாது என்ற பழைய நிபந்தனையையும் சேர்த்துவிட்டார்கள். 1941இல் பிரான்ஸிடமிருந்து பிடித்த நிலங்களைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் 1946 டிசம்பரில் ஐ.நா. கதவு திறந்தது.

வியட்நாம் போரில் உதோன், கோராட், உதபாவ் தளங்களில் 40,000க்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்ததை ஆக்கிரமிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அழைத்தது தாய் ராணுவ ஆட்சி, 1976இல் போகச் சொன்னதும் தாய் அரசுதான்.

பிரெஞ்சு விவகாரம் மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை. 1904, 1907 ஒப்பந்தங்களுக்குப் பிறகு எல்லைக்கோட்டு வரைபடத்தை வரைந்து தரும்படி சயாம் பிரெஞ்சு அதிகாரிகளையே கேட்டுக்கொண்டது. வந்த வரைபடத்தில் பிரியா விகார் மலைக்கோயில் கம்போடியப் பக்கம் விழுந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. இளவரசர் தாம்ரோங் நன்றி சொல்லி, மாகாண ஆளுநர்களுக்கு அனுப்ப இன்னும் 15 பிரதி கேட்டார். 1930இல் அவர் அந்தக் கோயிலுக்குப் போனபோது பிரெஞ்சுக் கொடியேற்றி பிரெஞ்சு அதிகாரி வரவேற்றார். அப்போதும் பாங்காக்கிலிருந்து எதிர்ப்புக் கடிதம் போகவில்லை. 1962இல் ஹேக் சர்வதேச நீதிமன்றம் இந்த இரண்டையும் எடுத்துக் காட்டி, 9க்கு 3 என்ற கணக்கில் கோயில் கம்போடியாவுக்கே என்று தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் அதே எல்லையில் மறுபடி பீரங்கிகள் முழங்கின.